இரு கரைக்கும் அயலவர்: ஜோனதன் ஸ்விஃப்ட்

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் 1667-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் பிறந்த ஜோனதன் ஸ்விஃப்ட்டுக்குத் தந்தையின் முகம் காணும் பேறு வாய்க்கவில்லை. மகன் பிறக்கும் முன்பே தந்தை மறைந்தார். பாட்டனார் இங்கிலாந்தில் திருச்சபைக் குருவாக இருந்து, உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்று உடைமைகளை இழந்தவர். அவருடைய மக்களுட் சிலர் பிழைப்பு நாடிக் கடல் கடந்து அயர்லாந்தில் குடியேறினர். ஸ்விஃப்ட் கைக்குழந்தையாக இருந்தபோது, அவர்மீது பற்று மிகுந்த செவிலி ஒருத்தி வீட்டாருக்குத் தெரியாமல் அவரைக் கப்பலேற்றி இங்கிலாந்தின் ஒயிட்ஹேவன் துறைக்குக் கொண்டுசென்றுவிட்டாள். ஏறத்தாழ மூன்றாண்டுகள் அங்கேயே வளர்ந்து, விவிலியம் படிக்கும் திறத்தோடு அவர் ஊர் திரும்பினார். இச்செய்தியை அவரே பிற்காலத்தில் எழுதிவைத்த தன்வரலாற்றுக் குறிப்பு கூறுகிறது. பெரியதந்தை காட்வின் ஸ்விஃப்ட்டின் செலவில் கில்கென்னிப் பள்ளியிலும், 1682 முதல் டப்ளின் டிரினிட்டிக் கல்லூரியிலும் கற்றார். உறவினர் தயவில் உண்டு படித்த பிள்ளைக்குக் கொடுத்த கையின் உயரமும் வாங்கிய கையின் தாழ்வும் இளமையிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

அன்றைய அயர்லாந்து மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். நிலமும் பதவியும் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த சிறுபான்மையோர் கையில் இருந்தன. அச்சிறுபான்மையில் ஒருவர் ஸ்விஃப்ட். கத்தோலிக்க உழவனின் கண்ணுக்கு அவர் ஆங்கிலேயர். லண்டன் பிரபுவின் கண்ணுக்கோ அவர் அயர்லாந்துக்காரர். இரு கரைக்கும் அயலவராகிய இம்மனிதர்தாம் பின்னாளில் ஆறங்குல மனிதரையும், கோபுரம் ஒத்த மனிதரையும், சாவில்லாக் கிழவரையும், பேசும் குதிரைகளையும் படைத்தார். அவர் படைத்த ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு மனப்பாங்கு உண்டு. ஒவ்வோர் இனத்துக்குள்ளும் ஒரு மேல்கீழ் உண்டு. அவருடைய வாழ்க்கையை விடுத்து அவ்வினங்களை மட்டும் படிப்பவர் பாதியையே படித்தவராவார்.

1688-இல் இங்கிலாந்தில் ஆட்சி மாறியது. அயர்லாந்தில் போர் மூளும் நிலை ஏற்பட்டது. ஸ்விஃப்ட் இங்கிலாந்துக்குச் சென்று, 1689-இல் சர்ரே மாவட்டத்து மூர் பார்க் மாளிகையில் சர் வில்லியம் டெம்பிளிடம் செயலராக அமர்ந்தார். டெம்பிள் ஓய்வுபெற்ற அரசதந்திரி, நூலாசிரியர், மன்னருக்கே அறிவுரை கூறத்தக்கவர். அவ்வீட்டில் ஸ்விஃப்ட் பணியாளரும் அல்லர், உறவினரும் அல்லர். 1693-இல் நாடாளுமன்ற மசோதா ஒன்றைப் பற்றி மன்னர் வில்லியத்துக்கு எடுத்துரைக்க டெம்பிள் அவரை அனுப்பினார். இளைஞர் தம் வாதங்களை அடுக்கினார், மன்னர் ஏற்கவில்லை. தம் தற்பெருமைக்குக் கிடைத்த முதல் மருந்து அது என்று ஸ்விஃப்ட் பின்னர்க் குறித்துவைத்தார். பேரரசன் ஒருவன் உள்ளங்கையில் நின்றுகொண்டு தன் நாட்டின் பெருமையை விளக்கித் தோற்கும் சிறுமனிதனின் காட்சியை அவர் எழுதுவதற்கு இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன.

மூர் பார்க்கில்தான் வாழ்நாள் முழுதும் தொடர்ந்த இரண்டு துணைகள் அவருக்கு வாய்த்தன. ஒன்று, நோய். இருபது கடந்த வயதில் தொடங்கிய தலைச்சுற்றலும் செவிட்டுத்தன்மையும் சாகும்வரை விடவில்லை. உட்செவியைத் தாக்கும் மெனியேர் நோய் என்று பிற்கால மருத்துவர்கள் இதனை இனங்கண்டனர். மற்றொன்று, எட்டு வயதுச் சிறுமி எஸ்தர் ஜான்சன். அவ்வீட்டில் வளர்ந்த அச்சிறுமிக்கு எழுத்தும் நூலும் கற்பித்தார் ஸ்விஃப்ட். பின்னாளில் ஸ்டெல்லா என்று அவரால் பெயர் சூட்டப்பட்டவர் இவரே.

1695-இல் முழுக் குருப்பட்டம் பெற்று, வட அயர்லாந்தின் கில்ரூட் என்னும் சிற்றூர்த் திருச்சபைக்குச் சென்றார். சுற்றிலும் வாழ்ந்தோர் வேறு பிரிவைச் சார்ந்த பிரெஸ்பிட்டேரியர். அவர் கோயிலுக்கு வருவோர் மிகச் சிலர். மறு ஆண்டே மூர் பார்க்கிற்குத் திரும்பிவிட்டார். 1699-இல் டெம்பிள் மறைந்தார். எதிர்பார்த்த உயர்பதவி கிட்டவில்லை. டப்ளினுக்கு அணித்தான லாரக்கோர் என்னும் சிறு பங்கே வாய்த்தது. அவ்வாண்டில் முதுமையில் தாம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதிவைத்தார். சொன்ன கதையையே சொன்னவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. முப்பது கடந்த மனிதர் முதுமைக்கு அஞ்சிச் சட்டம் எழுதிக்கொண்டது வியப்பே. ஸ்டெல்லா தம் தோழி ரெபெக்கா டிங்லியுடன் 1701-இல் டப்ளினில் குடியேறினார். இருவரும் தனித்திருக்கும்படி ஸ்விஃப்ட் ஒருபோதும் நடந்துகொண்டதில்லை என்பர். மறைவாக மணம் நடந்தது என்று பிற்காலத்தார் எழுதியதற்குச் சான்று இல்லை.

1704-இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த ஒரு தொட்டியின் கதை என்னும் அங்கத நூல் அவருக்குப் புகழும் கேடும் ஒருங்கே தந்தது. கிறித்துவத்தின் முப்பெரும் பிரிவுகளை மூன்று சகோதரர்களாக்கி எள்ளிய அந்நூலை அரசி ஆன் மன்னிக்கவில்லை.

1710 முதல் 1714 வரையிலான லண்டன் வாழ்வு அவர் எட்டிய உச்சம். டோரிக் கட்சி அமைச்சரவையின் எழுதுகோலாக இருந்தார். 1711-இல் அவர் எழுதிய குறுநூல் ஒன்று பிரான்சுடனான நெடும்போரை முடிக்க நாட்டின் மனத்தை ஆயத்தப்படுத்தியது. அமைச்சர்கள் அவரைத் தோழமையோடு விருந்துக்கு அழைத்தனர். முதலமைச்சர் நிலையிலிருந்த ஹார்லி அவர் உழைப்புக்கு ஈடாக 50 பவுன் அனுப்பியபோது சினந்து திருப்பினார். சமாதானம் செய்யும்வரை ஹார்லியின் வீட்டுப் படியேறவில்லை. கூலி வாங்குபவன் தோழன் ஆகான் என்பது அவர் கொள்கை. ஆயினும் அவ்வளவு நெருக்கமும் இங்கிலாந்தில் ஒரு பதவியாகக் கனியவில்லை. அரசியின் வெறுப்பு குறுக்கே நின்றது. 1713-இல் டப்ளின் புனித பாட்ரிக் பேராலயத்தின் டீன் என்னும் தலைமைக் குரு பதவி அளிக்கப்பட்டது. பிறர்க்கு அது உயர்வு, அவருக்கோ நாடுகடத்தல். 1714 ஆகஸ்டு முதல் நாள் அரசி இறந்தார். அமைச்சரவை கவிழ்ந்தது, அடுத்த ஆண்டு ஹார்லி சிறையிலடைக்கப்பட, அவருடைய கூட்டாளி பாலிங்புரோக் பிரான்சுக்கு ஓடினார். ஸ்விஃப்ட் டப்ளினுக்குத் திரும்பினார். லண்டனில் அவரைக் காதலித்துப் பின்தொடர்ந்து வந்த எஸ்தர் வானம்ரி 1723-இல் மனமுடைந்து மறைந்தார். வானெஸா என்று கவிதையில் நின்ற பெயர் அவருடையது. அவ்வரலாறு தனியே எழுதத்தக்கது.

டப்ளினில் சில ஆண்டுகள் வாளாவிருந்தவரை அந்நகரின் வறுமையே மீண்டும் எழுதவைத்தது. அயர்லாந்தின் கம்பளி வாணிகத்தை லண்டன் சட்டங்கள் முடக்கியிருந்தன. அயர்லாந்தார் அயர்லாந்துத் துணியையே உடுத்த வேண்டும் என்று 1720-இல் ஒரு குறுநூல் எழுதினார். அச்சிட்டவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. நடுவர் குழு குற்றமற்றவர் என்று கூற, தலைமை நீதிபதி அக்குழுவை ஒன்பது முறை திருப்பியனுப்பினார். பின்னர், வுட் என்னும் ஆங்கில இரும்பு வணிகர், அயர்லாந்துக்குச் செப்புக் காசு அடிக்கும் உரிமைப் பட்டயத்தை அரசரின் ஆசைநாயகி வழியாக விலைக்கு வாங்கினார். அயர்லாந்து நாடாளுமன்றத்தை எவரும் கேட்கவில்லை. 1724-இல் டிரேப்பியர் என்னும் துணிக்கடைக்காரரின் பெயரால் கடிதங்கள் வெளிவரலாயின. கடைக்காரனுக்கும் உழவனுக்கும் புரியும் மொழியில், அக்காசை வாங்காதீர் என்று அவை கூறின. எழுதியவரைக் காட்டிக்கொடுப்போர்க்கு 300 பவுன் பரிசு அறிவிக்கப்பட்டது. நகரில் அனைவருக்கும் ஆளைத் தெரியும். பரிசு பெற ஒருவர்கூட முன்வரவில்லை. 1725-இல் பட்டயம் திரும்பப் பெறப்பட்டது. திருச்சபையின் உயர்பதவியில் அமர்ந்தவர் துணிக்கடைக்காரராகத் தாழ்ந்து பேசியபோதே தம் நாட்டாரால் தம்மவராக ஏற்கப்பட்டார்.

கலிவரின் பயணங்கள் உருவானதும் இதே ஆண்டுகளில்தான். 1714-இல் போப், ஆர்பத்நாட், கே முதலிய நண்பர்களுடன் லண்டனில் கூடிய ஒரு சிறு இலக்கியக் கழகத்தின் விளையாட்டுப் பேச்சில் அதன் வித்து விழுந்தது என்பர். எழுதத் தொடங்கியது 1721-ஐ ஒட்டி. கப்பல் மருத்துவர் லெமுவேல் கலிவர் நான்கு பயணங்களில் காணும் இனங்களே நூலின் உடல்.

லில்லிபுட் மக்கள் ஆறங்குலத்தார். அறிவும் கைத்திறமும் உடையவர். பொறாமையும் நன்றி மறத்தலும் அவர்களின் இயல்பு. அங்கே உயர்பதவி, கயிற்றின்மீது எவன் உயரத் துள்ளுகிறானோ அவனுக்கு. அரசர் நீட்டும் கோலைத் தாண்டியும் அதன்கீழ்த் தவழ்ந்தும் தேர்ந்தவர்க்கு வண்ண நூல்கள் பரிசு. அந்நூல்களின் நீலம், சிவப்பு, பச்சை ஆகிய நிறங்கள் இங்கிலாந்தின் விருதுப் பட்டைகளை நினைவூட்டியமையால், 1726 முதற்பதிப்பில் அச்சகத்தார் அஞ்சி வேறு நிறங்களாக மாற்றினர். அரசர் தம் அவையோர் அனைவரினும் ஒரு நக அகலம் உயரமானவர். கண்டார் அஞ்சி வணங்க அது போதும். முட்டையை எம்முனையில் உடைப்பது என்னும் வழக்கில் 11,000 பேர் உயிர் கொடுத்திருக்கின்றனர். இவற்றையெல்லாம் படித்துச் சிரிக்கும் வாசகர், கலிவரைக் கவனிக்கத் தவறுவதுண்டு. நார்டாக் என்னும் உயர்பட்டம் அவனுக்கு வழங்கப்படுகிறது. தன் உள்ளங்கை அளவினரான மக்கள் தந்த பட்டம் அது. ஆனால் நிதியமைச்சர் தன்னினும் ஒரு படி தாழ்ந்த பட்டத்தாரே என்று அவன் முழுக் கருத்தோடு நினைவூட்டுகிறான்! பட்டம் தருபவர் எவ்வளவு சிறியவராயினும் பெறுபவன் குனிந்துவிடுகிறான். லண்டனில் நான்காண்டுகள் அமைச்சர்களின் மேசையில் அமர்ந்தவர் தம்மையும் சேர்த்தே இங்கு எள்ளினார் எனக் கருதலாம். அரண்மனைத் தீயைக் கலிவர் சிறுநீரால் அணைத்ததும், உயிர் காத்த அச்செயலே அரசிக்கு ஆறாச் சினமானதும், தொட்டியின் கதையையும் அரசி ஆனையும் குறிப்பன என்பது அறிஞர் பலர் கொள்கை.

அடுத்த பயணத்தில் அளவுகோல் தலைகீழாகிறது. பிராப்டிங்நாக் மக்கள் நம்மினும் பன்னிரு மடங்கு பெரியவர். உழவன் ஒருவன் கலிவரைக் கூண்டில் வைத்து ஊர்தோறும் காட்டிப் பணம் ஈட்டுகிறான். பின் 1,000 பொற்காசுக்கு அரசியிடம் விற்கிறான். இப்பகுதியில் மறக்கவியலாத பாத்திரம் அரசியின் அவைக் குள்ளன். முப்பதடி உயரமே உள்ள அவன்தான் அந்நாள்வரை அந்நாட்டின் மிகச் சிறியவன், அனைவரும் நகைத்தவன். தன்னினும் சிறிய உயிர் ஒன்று வந்ததும் அவனுக்கு வரும் செருக்கு அளவில்லாதது. கலிவரைத் தூக்கிப் பாலாடைக் கிண்ணத்தில் போடுகிறான். தாழ்த்தப்பட்டவன் தனக்குக் கீழ் ஒருவனைத் தேடும் வேட்கையை இத்துணைச் சில வரிகளில் காட்டிய எழுத்து அரிது. அவனைப் படைத்தவர் தீயவனாகக் காட்டவில்லை. அவன் நின்ற படியைக் காட்டினார். அந்நாட்டு அரசரோ அமைதியும் அறிவும் உடையவர். கலிவர் ஐரோப்பாவின் சட்டங்களையும் போர்களையும் பெருமிதத்தோடு விளக்க, அவர் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டு, இவ்வினம் ஊர்வனவற்றுள் கொடியது என்னும் முடிவுக்கு வருகிறார். வெடிமருந்தின் மறையைக் கற்பிப்பதாகக் கலிவர் கூறியபோது, நாட்டில் பாதியை இழந்தாலும் அம்மறை வேண்டா என்று மறுக்கிறார்.

குதிரைகள் நாட்டை எழுதி முடித்த பின்னரே பறக்கும் தீவுக்கு வந்தார் என்பது நண்பர் சார்ல்ஸ் ஃபோர்டுக்கு 1724-இல் அவர் எழுதிய மடலால் தெரிகிறது. மூன்றாம் பயணமாக நூலில் அமைந்தது உண்மையில் கடைசியாக எழுதப்பட்டது. டிரேப்பியர் கடிதங்களோடு ஒரே காலத்தது. லபூட்டா மேட்டுக்குடியினரின் ஒரு கண் உள்நோக்கியது, மறுகண் வானை நோக்கியது. கணிதமும் இசையுமே அவர்தம் சிந்தை. எதிரே நிற்பவர் பேசுவதைக் கேட்பதற்கும் பணியாள் ஒருவன் பையால் காதில் தட்ட வேண்டும். அரசுக்கு அரும்பணி செய்த ஒரு பெருமகன், தாளம் தவறுபவன் என்னும் ஒரே காரணத்தால் அங்கே மூடனாக மதிக்கப்படுகிறான். கீழுள்ள ஊர்கள் வரி கொடுக்க மறுத்தால் தீவு அவற்றின் தலைக்குமேல் வந்து நின்று வெயிலையும் மழையையும் மறைக்கும். மேலும் அடங்காவிடில் கல்லெறியும். இறுதியில் தானே விழுந்து நசுக்கும். லிண்டலினோ என்னும் ஊர் மட்டும் நான்கு கோபுரங்கள் எழுப்பி, உச்சியில் காந்தக்கல் வைத்துத் தீவையே கீழிழுக்க முனைந்தது. அரசன் பணிந்தான். லிண்டலினோ என்னும் பெயரில் லின் என்னும் அசை இருமுறை வருகிறது. ஆங்கிலத்தில் இரட்டை லின் எனின் டப்ளின்.

அதே பயணத்தில் வருவோர் ஸ்ட்ரல்ட்பர்க் எனப்படும் சாவில்லா மக்கள். பிறக்கும்போதே இடப்புருவத்தின்மேல் ஒரு செம்புள்ளி; ஆண்டுகள் செல்ல அது பச்சையாகி, பின் கரியதாகும். சாவின்மை கேட்டு மகிழ்ந்த கலிவர், அவர்களைக் கண்டு நடுங்குகிறான். அவர்களுக்குச் சாவில்லையே தவிர முதுமை உண்டு. பிடிவாதம், பேராசை, சிடுசிடுப்பு, ஓயாப் பேச்சு ஆகியவை அவர்களின் குணம். இளையோரின் இன்பத்துக்கும் முதியோரின் சாவுக்கும் பொறாமைப்படுவர். எண்பது வயதானதும் சட்டப்படி இறந்தவராகக் கருதப்படுவர். சொத்து வாரிசுக்குச் செல்லும், மணம் முறியும், சிறு படி மட்டும் எஞ்சும். இதனினும் கொடியது, மொழி. காலந்தோறும் மொழி மாறிக்கொண்டே செல்வதால், இருநூறு ஆண்டு கடந்த ஸ்ட்ரல்ட்பர்க் தன் நாட்டிலேயே பேச ஆளின்றி அயலவனாகிறான். கவிஞர்கள் இவ்விடத்தில் சற்று நின்று செல்வது நன்று.

இனிக் குதிரைகள். ஹூயின்ம் என்பது கனைப்பொலியை ஒத்த பெயர். இயற்கையின் நிறைவு என்று அவற்றின் மொழியில் பொருள். அம்மொழியில் பொய்க்குச் சொல் இல்லை. ஆட்சி, போர், சட்டம், தண்டனை ஆகியவற்றுக்கும் இல்லை. எழுத்து இல்லை; அறிவெல்லாம் செவிவழி. கவிதையில் அவற்றை வெல்வாரில்லை. உவமையின் பொருத்தமும் வருணனையின் நுட்பமும் பிறர்க்கு எட்டாதவை என்கிறான் கலிவர். நட்பும் ஈகையும் ஓட்டப்பந்தய வெற்றியுமே பாடுபொருள். சினமில்லை, காமமில்லை, துயரமுமில்லை. கணவன் அன்று காலை இறந்ததால் விருந்துக்குச் சற்றுத் தாமதமாக வந்த பெண்குதிரை ஒன்று, மற்றவரைப் போன்றே மகிழ்வாக இருந்துவிட்டுச் செல்கிறது. அதே நாட்டில் மனித உருவும் விலங்கு மனமும் கொண்ட யாஹூக்கள் சுமை இழுக்கின்றன. அழுக்கும் பேராசையும் அவற்றின் இயல்பு. தன் ஆடையைக் களைந்தால் தானும் அவ்வினமே என்னும் உண்மை கலிவரைச் சுடுகிறது.

நிறைவின் உருவமாகிய அக்குதிரைகளிடையேயும் மேல்கீழ் உண்டு. வெள்ளை, செம்பட்டை, இரும்புச் சாம்பல் நிறத்தவை பிறவியிலேயே அறிவும் ஆற்றலும் குறைந்தவை என்று கொள்ளப்பட்டு, என்றும் பணியாளராகவே வாழ்கின்றன. தம் நிலையிலிருந்து எழ அவை எண்ணுவதுமில்லை. நிறம் கலவாதபடி மணம் முடிக்கப்படுகிறது. கலிவர் இதனை ஒரு குறையாகக் காணவில்லை. பிறப்பால் வகுத்த படிநிலையின் சுமையை அறிந்த வாசகர்க்கு இவ்விடம் கூடுதலாகப் பேசும். நான்காண்டுக்கு ஒருமுறை கூடும் பேரவையில், யாஹூ இனத்தை நிலவுலகில் வைத்திருக்கலாமா அழித்துவிடலாமா என்பது விவாதப் பொருள். குரல் உயராமல், சினம் கொள்ளாமல், முழு அறிவோடு அவை அதனைப் பேசுகின்றன.

ஸ்விஃப்ட் மனித குலத்தையே வெறுத்தவர், குதிரைகளே அவர் இலட்சியம் என்று பல தலைமுறைத் திறனாய்வாளர் எழுதினர். நூலின் முடிவு அதற்கு இடம் தரவில்லை. கலிவரைக் கடலில் காப்பாற்றி ஆடையும் உணவும் தந்து வீடு சேர்ப்பவர் டான் பெட்ரோ என்னும் போர்த்துகீசியக் கப்பல் தலைவர், அதாவது ஒரு யாஹூ. அவருடைய அன்பைக் கலிவரால் தாங்கமுடியவில்லை. வீடு திரும்பியவன் மனைவி மக்களின் மணம் பொறாமல், இரு குதிரைகளை வாங்கி இலாயத்தில் நாள்தோறும் நான்கு மணி நேரம் உரையாடுகிறான். மேலான இனத்தோடு வாழ்ந்த பெருமையே அவனைக் கெடுத்துவிட்டது. அவன் சொல்வதெல்லாம் அவனைப் படைத்தவரின் சொல் என்று கொள்வது பிழை.

கையெழுத்துப்படி வேறொருவர் கையால் படியெடுக்கப்பட்டு, மறைவாக லண்டன் அச்சகத்தார் பெஞ்சமின் மோட்டிடம் சேர்ந்தது. 1726 அக்டோபர் 28-இல் நூல் வெளிவந்தது. ஒரு வாரத்தில் படிகள் தீர்ந்தன. அச்சமூட்டிய பகுதிகளை மோட் திருத்தியிருந்தார். பெரும்பாலான திருத்தங்கள் 1735-ஆம் ஆண்டு டப்ளின் பதிப்பில் நீக்கப்பட்டன.

நூல் வெளிவந்த ஆண்டிலேயே ஸ்டெல்லா நோயுற்றார். அச்செய்தியை இங்கிலாந்தில் கேட்ட ஸ்விஃப்ட், அவர் இறக்கும்போது அருகிருக்கத் தம்மால் இயலாது என்று நண்பர்க்கு எழுதினார். 1728 ஜனவரி 28-ஆம் நாள் மாலை ஸ்டெல்லா மறைந்தார். செய்தி வந்தபோது வீட்டில் விருந்தினர் இருந்தனர். அவர்கள் சென்ற பிறகு, இரவு பதினொரு மணிக்கு அவருடைய குணநலன்களை எழுதத் தொடங்கினார். அடக்கம் பேராலயத்தில் நடந்த இரவு, உடல்நலமில்லாமல் வீட்டிலேயே இருந்தார். கோயில் விளக்கொளி தம் படுக்கையறைச் சன்னல் வழியே தெரியும் என்பதால் வேறோர் அறைக்கு மாறி அமர்ந்து எழுத்தைத் தொடர்ந்தார். துயரறியாக் குதிரையைப் படைத்தவரால் அவ்வொளியைக் காண முடியவில்லை.

1729-இல் வெளிவந்த அடக்கமானதொரு யோசனை என்னும் குறுநூலில், வறியோரின் குழந்தைகளை ஓராண்டு வளர்த்து உணவாக விற்றால் நாடு செழிக்கும் என்று ஒரு திட்டக்காரர் கணக்கிட்டுக் காட்டுகிறார். அவர் குரலும் உயர்வதில்லை. குதிரைகளின் பேரவையில் ஒலித்த அதே அமைதி அங்கே மனிதக் குரலில் ஒலிக்கிறது. அவ்வாண்டுகளில் அயர்லாந்தில் விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் நிலவியது.

ஸ்விஃப்ட்டிடமும் ஏற்றத்தாழ்வுப் பார்வை இல்லாமலில்லை. கத்தோலிக்கர்க்கும் பிற பிரிவினர்க்கும் சம உரிமை வேண்டும் என்று அவர் வாதாடவில்லை. திருச்சபையின் தனியுரிமையைக் கடைசிவரை காத்து நின்றார். டப்ளின் பிச்சைக்காரர் தத்தம் பங்கின் அடையாளப் பட்டை அணிய வேண்டும், வெளியூரார் துரத்தப்பட வேண்டும் என்று 1737-இல் எழுதியவரும் அவரே. அவ்வெழுத்தின் கடுமை படிப்பவரை இன்றும் துணுக்குறச் செய்யும். அதே மனிதர் தம் வருவாயிலிருந்து 500 பவுன் ஒதுக்கி, நெசவாளர் முதலிய சிறுதொழிலார்க்கு வட்டியின்றிச் சிறுகடன் கொடுத்துவந்தார். இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொண்டுதான் அவரைப் படிக்க வேண்டியிருக்கிறது.

முதுமை அவர் அஞ்சியவாறே வந்தது. நினைவு தளர்ந்தது, செவிடு முற்றியது, நண்பர்கள் ஒவ்வொருவராய் மறைந்தனர். 1742-இல் அவர் தம் காரியங்களைத் தாமே நடத்தும் மனநிலையில் இல்லை என்று முறைப்படி ஆய்ந்து அறிவித்து, பாதுகாவலர் நியமிக்கப்பட்டனர். எண்பதில் ஸ்ட்ரல்ட்பர்க்குகளுக்கு விதித்த சட்டம் அவருக்கு 74-ஆம் வயதில் வந்தது. அதன்பின் பேச்சும் பெரும்பாலும் ஒடுங்கியது. 1745 அக்டோபர் 19-ஆம் நாள் உயிர் நீத்தார். புனித பாட்ரிக் பேராலயத்தில் ஸ்டெல்லாவின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். கல்லில் பொறித்த இலத்தீன் வாசகம் அவரே எழுதிவைத்தது. சொத்தின் பெரும்பகுதியை மனநோயாளர்க்கு ஒரு மருத்துவமனை அமைக்க எழுதிவைத்திருந்தார். அவர்களைக் காசு கொடுத்து வேடிக்கை பார்த்த காலம் அது. 1757-இல் நோயாளரை ஏற்கத் தொடங்கிய அம்மருத்துவமனை டப்ளினில் இன்றும் பணியாற்றுகிறது.

லிண்டலினோவின் நான்கு கோபுரங்கள் மட்டும் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. மோட் அதனை அச்சிடவில்லை. 1735-ஆம் ஆண்டு டப்ளின் பதிப்பிலும் அப்பகுதி இடம்பெறவில்லை. நண்பர் ஃபோர்டு தம் படியில் கையால் எழுதிவைத்திருந்த அப்பகுதி, நூலின் பகுதியாக 1899-இல்தான் வெளிவந்தது.